மூன்றாவது ஐலசா

கம்பம் தோளுக்கு ஏறியாயிற்று. எட்டு மீட்டர் சிமெண்ட் கம்பம், கயிற்றுச் சுருக்கில் நுழைத்த ஐந்து மூங்கில் கழிகள், கழிக்கு இரண்டு பேராகப் பத்துப் பேர், பத்துப் பேரும் தவசியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் வாயில் எச்சில் இல்லை. வரி சொல்லிக் கூப்பிடுகிறவன் கம்பத்துக்கு முன்னால், ஆட்களைப் பார்த்தபடி பின்புறமாக நடக்க வேண்டும். அவனுக்குப் போகும் வழி தெரியாது, கால்கள் தெரியும், இருபது கால்கள், முழங்கால் வரைக்கும் சேறு. இந்த வேலையில் தோள் கொடுக்காத ஒரே ஆள் அவன்தான், ஆனால் அவன் வாயைத் திறக்காமல் ஒருவனும் ஓரடி வைக்க மாட்டான். "ஆத்தத் தாண்டி" என்றான் தவசி. "ஐலசா" என்று பத்து வாயும் சொல்ல, ஓரடி. "சேத்தத் தாண்டி." "ஐலசா." இன்னோரடி. "சோத்தப் பாத்து." "ஐலசா." வார்த்தை சரியாகத்தான் வருகிறது, குரல்தான் அவனுடையது மாதிரி இல்லை, யாரோ பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. வார்த்தையும் அவனுடையது இல்லை. எல்லாம் சோணைமுத்து அண்ணன் கட்டிய வரிகள், பதினாலு வருஷமாக அவர் கூப்பிட்டவை. அந்தச் சோணைமுத்து இப்போது மூன்றாவது கழியில், இடது பக்கம், தவசி எப்போதும் நிற்கும் இடத்தில் தோள் கொடுத்து நிற்கிறார். அறுபதை நெருங்கிய ஆள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் 'ஐலசா' சொல்கிறார், கூடவும் இல்லை குறையவும் இல்லை, கண்ணை மட்டும் தவசியின் முகத்திலிருந்து எடுப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்தால் தேவலை. ஆனால் கூப்பிடுகிறவனைப் பார்க்காமல் எவன் கம்பம் தூக்க முடியும், எல்லாரும்தான் பார்க்கிறார்கள், இதில் அவர் பார்ப்பதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்று தவசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டும் தொங்கினான்.

புயல் அடித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. தென்னை எல்லாம் தலைகுப்புறக் கிடக்கிற இந்தச் சீமைக்கு நத்தம் பக்கத்திலிருந்து அவர்களை லாரியில் ஏற்றி வந்தது, கிரேன் இறங்காத வயல்களில் கம்பம் நட. வந்த முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓர் அதிகாரி ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். ஒத்துழைப்பு என்றார், கூட்டு முயற்சி என்றார், ஒருங்கிணைந்து என்றார், கடைசியில் டீம் ஒர்க் என்றும் சொல்லிவிட்டார், எங்கே புரியாமல் போய்விடுமோ என்று. சோணைமுத்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்புட்டு வார்த்தையையும் ஒண்ணாக் கட்டிக் கம்பத்துக்கு அடியில குடுத்தாலும் ஒரு சாண் எந்திரிக்காதுடா தவசி" என்றார். சிரித்துச் சிரித்து தவசிக்குப் புரை ஏறியது. நிஜம்தானே. ஐலசா என்றால் என்ன, யாரைக் கேட்டாலும் தெரியாது. அர்த்தமே இல்லாத அந்த வார்த்தைக்குத்தான் எடை தெரியும். தூக்குவதற்கு மூன்று ஐலசா, நடக்க அடிக்கு ஒன்று, இறக்குவதற்கு நின்ற இடத்தில் மூன்று. ஆனால் இறக்கும்போது மூன்று முடிந்தால் போதாது. மூன்றாவது ஐலசாவுக்குப் பிறகு கூப்பிடுகிறவன் 'இறக்கு' என்று தனியாக ஒரு வார்த்தை சொல்வான். அது வருகிற வரைக்கும் தோள் தோளாகவே இருக்க வேண்டும். அந்த வார்த்தையை வேறொருவன் சொல்லக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. வீட்டில் பெண்டாட்டி பானையை இறக்கு என்றால்கூட ஒரு நொடி தோள் கூசும் என்பார் சோணைமுத்து. "மேஸ்திரி தொந்தி." "ஐலசா." "மேல ஏறுது." "ஐலசா." இந்த வரிக்கு எப்போதும் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. மேஸ்திரி இருளப்பனே ஆள் குறைந்துபோய்த் தொந்தியோடு மூன்றாவது கழியின் வலது பக்கம் தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது அழகுமலையின் இடம்.

அழகுமலையின் இடம். ஆறு வருஷமாக மூன்றாவது கழிக்கு இந்தப் பக்கம் தவசி, அந்தப் பக்கம் அழகுமலை. ஒரே கழியைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்களுக்கு இடையில் பேச்சு அதிகம் தேவைப்படாது. அவன் மூச்சு இழுத்தால் இவனுக்குத் தெரியும், இவன் குதிங்காலில் முள் ஏறினால் கழி வழியாக அவனுக்குத் தெரியும். ஒன்பது நாளுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு வயல், இதே மாதிரி வெயில், கம்பத்தைப் பாதியில் இறக்கி மூச்சு வாங்கலாம் என்று நின்றார்கள். சோணைமுத்து கூப்பிட்டார். ஒரு ஐலசா. இரண்டு. மூன்று. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை மூன்றாவது ஐலசாவுக்குப் பின்னால் 'இறக்கு' வந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் அது எந்த நொடியில் வரும் என்று. தவசியின் தோளுக்குத் தெரியும். வார்த்தை வருகிற நொடி வந்தது, வார்த்தை வரவில்லை, தோள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். தூங்கவில்லை, மயங்கவில்லை, வழுக்கவில்லை. வழுக்கியிருந்தாலாவது சேற்றைச் சொல்லலாம். வார்த்தைக்கு முன்னால் இறங்கிவிட்டான், ஒரு கண் சிமிட்டல் முன்னால், அதற்குள் கழி சரிந்து, மற்ற நாலு கழியும் தாங்காமல் கம்பம் மொத்தமாக விழுந்தது. அழகுமலையின் வலது கால் சேற்றில் புதைந்து கம்பத்துக்கு நேர் கீழே மாட்டியிருந்தது. அதைப் பார்த்துதான் சோணைமுத்து வார்த்தையைப் பிடித்து வைத்திருந்தார், அவன் காலை உருவட்டும் என்று. இது தவசிக்குப் பிறகுதான் புரிந்தது. பிறகு புரிந்து என்ன. அழகுமலை கத்தவே இல்லை. 'ஏ' என்று ஒரு சத்தம், யாரையோ கூப்பிட வந்து பெயர் மறந்துபோன மாதிரி.

"பாத்து, வரப்பு" என்றார் மேஸ்திரி. தவசி பின்காலால் வரப்பைத் துழாவி ஏறினான். வரப்பில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு ஒதுங்கி நின்றாள். மோர் கொண்டுவந்திருக்கிறாள் போல. "இன்னக்காச்சும் கரண்டு வந்துடுமாங்க?" என்று கேட்டாள். கம்பம் தோளில் இருக்கும்போது கூப்பிடுகிறவன் வேறு பேச்சுப் பேசக் கூடாது, தவசி தலையை மட்டும் ஆட்டினான், வரும் என்றா வராது என்றா அவனுக்கே தெரியாது. "வரப்பு ஏறு." "ஐலசா." "வலது பாத்து." "ஐலசா." இருபது கால்கள். மேஸ்திரியின் கால், சரி. சோணைமுத்துவின் கால், சரி. கடைசிக் கழியில் வீரணன் கால். வீரணன் அழகுமலையின் தம்பி. காலையில் இட்லி சாப்பிடும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது, பாதம் நிற்குமா எடுக்க வேண்டுமா என்று சாயங்காலம் பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாராம். போனை வைத்துவிட்டு வீரணன், தட்டில் இருந்த இட்லியை அப்படியே தள்ளிவிட்டு, சோணைமுத்து உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, "பெருசுக்கு வாய் நேரத்துக்குத் தெறக்கல, எங்கண்ணனுக்குக் காலு போச்சு" என்றான். பத்துப் பேருக்கும் கேட்டது. சோணைமுத்து இட்லியைப் பிட்டபடியே இருந்தார். தவசி சாம்பார் வாளியைப் பார்த்தான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தின நேரத்தில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே, அழகுமலையைக் கழியில் வைத்துச் சாலைக்குத் தூக்கிப் போகும்போதே சொல்லியிருக்கலாம். மேஸ்திரி அன்று எல்லாரையும் நிற்க வைத்து, "என்னண்ணே ஆச்சு, ஏன் வார்த்த வரல?" என்று கேட்டபோது சோணைமுத்து, "வார்த்த என் வாயிலதான் இருந்துச்சு" என்றார். அதை எல்லாரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று முடிந்தும் வார்த்தை வராததால் பாதிப் பேர் இறக்கினார்கள், பாதிப் பேர் நின்றார்கள் என்று அவர்களாகவே ஒரு கணக்கைப் போட்டுக் கிழவர் தலையில் கட்டிவிட்டார்கள். தவசி அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. மறுநாள் மேஸ்திரி, "இனி நீ கூப்புடு தவசி, ஒனக்குத்தான் வரி எல்லாம் தெரியும்" என்றார். அதற்கும் சரி என்றான். அந்தச் 'சரி'யை நினைத்தால் இப்போதும் உடம்பு கூனிக் குறுகிப்போகிறது.

அவர் பார்த்தாரா? இதுதான் ஒன்பது நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறது, படுத்தால் வருகிறது, பல் துலக்கும்போது வருகிறது. கூப்பிடுகிறவனுக்கு எல்லாம் தெரியும். இதோ, இந்த இடத்தில் நின்றால் தெரிகிறது, எவன் தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது நெற்றிப் பொட்டு மாதிரி தெரிகிறது. எட்டு நாளாகக் கூப்பிட்டுப் பார்த்தவனுக்கே இப்படி என்றால் பதினாலு வருஷம் கூப்பிட்டவருக்கு? பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை? அழகுமலையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் இவன் தோளைப் பார்க்கவில்லை. ஆமாம், ஒரு சமயத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்க முடியும். அப்படியென்றால் அவருக்கே தெரியாது, தன் மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எது மோசம்? தெரிந்து வாயை மூடியிருக்கிறாரா, தெரியாமல் தன்னையே அரித்துக்கொண்டிருக்கிறாரா? இன்னும் மூன்று கம்பம்தான். முடிந்தால் லாரி, ஊர். காண்ட்ராக்டர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார், அடுத்த வேலைக்குச் சோணைமுத்து வேண்டாம் என்று. வேலை இல்லாமல் போவது ஒரு பக்கம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். அவர் கூப்பிட்டதால்தான் கால் போயிற்று என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், செத்தாலும் சொல்வார்கள். சொன்னால் அதெல்லாம் தவசிக்கு. வார்த்தைக்கு முன்னால் தோளை எடுத்தவனோடு எவன் கழி பிடிப்பான்? தவசியே பிடிக்க மாட்டான். பயம் என்றால் இதுதான், அடி வாங்குவதற்கு இல்லை, காலியாகக் கிடக்கப்போகிற கழியின் எதிர்ப்பக்கத்துக்கு.

குழி வந்துவிட்டது. அடியைக் குழி வாயில் வைத்து, தலையைத் தோளில் ஏற்றி, பிறகு கவட்டுக் கம்பால் முட்டுக்கொடுத்து நிமிர்த்த வேண்டும். தலையில் மூன்று கயிறு கட்டி மூன்று பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். இடது கயிற்றில் சோணைமுத்துவும் இன்னொருவரும், வலதில் வீரணனும் இன்னொருவரும். குழிக்குள் தண்ணீர் ஊறிக் கிடந்தது. தவசி குழிக்கு நேர் எதிரே நின்றான். மூன்று தள்ளில் கம்பம் பாதிக்கு வந்தது, அப்படியே வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது, எல்லாரும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். அடுத்த வரி வரவில்லை. தவசியின் மண்டையில் ஒன்றுமே இல்லை. ஆறும் இல்லை, சேறும் இல்லை, சோறும் இல்லை. கவட்டுக் கம்புகள் சேற்றில் நழுவ ஆரம்பித்தன. "தவசி" என்றார் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு. சோணைமுத்து கயிற்றைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கூப்பிடு, என்றது, அவ்வளவுதான். தவசி வாயைத் திறந்தான், வாய் தன் போக்கில் ஒரு வரியைக் கட்டியது, அவன் வாழ்க்கையில் சொந்தமாகக் கட்டிய முதல் வரி. "அழகுமல காலு." "ஐலசா." கம்பம் ஏறியது. "சோணைமுத்தண்ணன் தப்பில்ல." "ஐலசா." இன்னும் ஏறியது. "தோள எடுத்தவன்." "ஐலசா." "தவசி தானே." "ஐலசா" என்று பத்து வாயும் சொல்லியாயிற்று, கம்பமும் நிமிர்ந்து அடி குழிக்குள் தொப்பென்று இறங்கியாயிற்று, சொன்னது என்னவென்று அதற்குப் பிறகுதான் அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒருவரும் அசையவில்லை. அசைய முடியாது. கல்லும் மண்ணும் போட்டு இடிக்கிற வரைக்கும் கயிற்றை விட்டால் கம்பம் யார் மேல் சாயும் என்று சொல்ல முடியாது. வீரணனின் முகம் தவசியின் பக்கம் திரும்பியது. கயிறு அவன் கையில் கொஞ்சம் தளர்ந்தது. கம்பத்தின் தலை ஒரு சாண் இடது பக்கம் போனது. சொல்வதற்கு இதுவா நேரம், சனியனே, எல்லாரையும் சேர்த்துக் கொல்லப் பார்க்கிறாயா என்று தவசி தன்னையே திட்டிக்கொண்டு, "வலது இழு" என்று கூப்பிட்டான். ஐலசா சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. "வலது இழு" என்று மறுபடி கூப்பிட்டான். கம்பம் இன்னும் நாலு விரல் சாய்ந்தது. அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு தனிக்குரல், வயசான கரகரத்த குரல், "ஐலசா" என்றது. சோணைமுத்து. அடுத்த வரிக்கு மேஸ்திரி சேர்ந்துகொண்டார். அதற்கடுத்து எல்லாரும். கடைசியாக வீரணன், வாயைத் திறக்காமல், கயிற்றை மட்டும் இழுத்தான். கல் போட்டார்கள், மண் போட்டார்கள், கடப்பாரையால் இடித்தார்கள். கம்பம் நின்றது.

கயிற்றை அவிழ்த்ததும் வீரணன் நேராக வந்தான். அடிப்பான் என்று தவசி நினைத்தான், அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். அவன் அடிக்கவில்லை. "ஒம்போது நாளு" என்றான். "ஒம்போது நாளு எங்கூட ஒக்காந்து சோறு தின்னுருக்க." தவசி சோணைமுத்துவைத் தேடினான். அவர் குழி ஓரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு நீங்க பாத்தீகளா?" என்று கேட்டான். "பாத்தேன்." "ஏண்ணே சொல்லல?" அவர் கையைத் துண்டில் துடைத்தார், விரல் விரலாக. "சொல்லிருந்தா எவன் ஒங்கூடக் கழி புடிப்பான்? எனக்கு வயசாச்சு. ஒனக்கு ஆகல." பிறகு கோபம் வந்தது அவருக்கு, இப்போதுதான் வந்தது. "நீயா சொல்லுவன்னு நெனச்சேன். மறுநாளே சொல்லுவன்னு நெனச்சேன். எட்டு நாளு என் எடத்துல நின்னு என் வரியவே கூப்புடுறடா."

அடுத்த கம்பம் சாலையோரத்தில் கிடந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே சோணைமுத்து கம்பத்துக்கு முன்னால் போய் நின்றார். "தவசி, அழகுமல நின்ன எடத்துல நில்லு" என்றார். மேஸ்திரி விலகினார். தவசி மூன்றாவது கழியின் வலது முனையைப் பிடித்துக் குனிந்தான். எதிர்ப்பக்கம், அவன் ஆறு வருஷம் நின்ற இடம், காலி. மற்ற எட்டுப் பேரும் அவரவர் கழியில் குனிந்திருந்தார்கள், மேஸ்திரி நடுவில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். சோணைமுத்து கூப்பிடவில்லை, வற்புறுத்தவும் இல்லை. வெயில் முதுகில் ஏறியது. கடைசிக் கழியிலிருந்து வீரணன் நிமிர்ந்தான், நடந்து வந்தான், தவசியின் பழைய இடத்தில் கழி முனையைத் தோளுக்குக் கொடுத்தான். தவசியைப் பார்க்கவில்லை. மேஸ்திரி ஓடிப்போய் அவன் விட்ட முனையைப் பிடித்தார். "ஆத்தத் தாண்டி" என்றார் சோணைமுத்து. அவர் குரல் அவருக்குத் திரும்பியிருந்தது.

வயலின் நடுவில் நின்றார்கள், மூச்சு வாங்க. இறக்குவதற்கான மூன்று. ஒரு ஐலசா. இரண்டு. அப்போதுதான் தவசிக்குத் தெரிந்தது, தன் வலது கால் முழங்காலுக்குக் கீழே புதைந்து கம்பத்துக்கு நேர் அடியில் மாட்டியிருப்பது. இழுத்தான், வரவில்லை. சேறு பிடித்துக்கொண்டது. சொல்லவும் முடியாது, இறக்குவதற்கான மூன்று தொடங்கிவிட்டால் ஐலசா தவிர வேறு எதற்கும் ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது ஐலசா முடிந்தது. வார்த்தை வருகிற நொடி வந்தது, எல்லாருடைய தோளுக்கும் தெரியும் அந்த நொடி, வீரணனின் தோளுக்கும் தெரியும். சோணைமுத்து வாயை மூடிக்கொண்டு தவசியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் மறைத்ததில் வீரணனின் முகம் தவசிக்குத் தெரியவில்லை, அவன் மூச்சு மட்டும் கழி வழியாக வந்தது, இழுத்து, நின்று, இழுத்து. வீரணன் தோளை எடுத்தால் போயிற்று, ஒரு கண் சிமிட்டல் போதும், சேறு என்று சொல்லிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கழி அசையவில்லை. தவசி பல்லைக் கடித்துக் காலை இழுத்தான், சேறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கழி அசையவில்லை.